பெட்டி மேல் வைத்த குல்லா

மறுநாள் காலையில் சர்வேயர் வருகிறார் என்று மகன் தேயிலை ஃபேக்டரியில் இருந்து போன் பண்ணினான். "அம்மா, அந்தக் கல்லுப் படத்தை எடுத்து வெச்சிருங்க" என்றான். எடுத்து வைக்க என்ன இருக்கிறது, போனில்தானே இருக்கிறது என்று திறந்தேன். இல்லை. மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். மாத்திரை அட்டை இருந்தது, கரண்ட் மீட்டர் இருந்தது. கல் இல்லை.

சரி, படம் சேருவதற்கென்று மருமகள் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்ப் பெட்டியில் இருக்கும் என்று உள்ளறைக்குப் போனேன். பெட்டியின் மேல் என் சிவப்புக் கம்பளிக் குல்லா கிடந்தது. தூக்கினேன். எப்போதும் எரிகிற பச்சை விளக்கு எரியவில்லை. தொட்டுப் பார்த்தால் பெட்டி சில்லென்று இருந்தது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கொழுந்து பறிக்கிற இடத்தில் காட்டெருமை எதிரே வந்து நின்றிருக்கிறது. அப்போதுகூட நான் உட்கார்ந்துவிடவில்லை; இப்போது பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கல் எது என்று சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேயிலை. சரிவின் அடியில் ஓர் ஊற்று, கோடையிலும் வற்றாது. நாங்கள் குடிப்பதும் அது, செடிக்கு மருந்து கலக்குவதும் அது. ஊற்றுக்கு அந்தப் பக்கம் நாலு எட்டுத் தள்ளி எல்லைக் கல். ஆகவே ஊற்று எங்களுடையது. ஆடி மழையில் அந்த மூலை மண்ணோடு சரிந்தது. கல்லும் எங்கோ புதைந்து போனது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்து ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு முடித்ததும், "கல்லு ஊத்துக்கு இந்தப் பக்கந்தானுங்களே அக்கா இருந்துச்சு?" என்றார்.

"ஏனுங்க, மழையில கல்லுதான் போச்சுன்னு நெனச்சேன். உங்க கண்ணும் போச்சுங்களா?"

"கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது, உங்க வாயாட்டவே. வாய வெச்சு நெலத்த அளக்க முடியாதில்லீங்க. சர்வேயர் வரட்டும்."

வரட்டும் என்று நானும் சொன்னேன். நான் பயப்படவில்லை. என்னிடம் படம் இருந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஒருத்தரிடம் போய், இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று நின்றதில்லை. போன் வந்த பிறகு எதை மறக்கக் கூடாதோ அதைப் படம் எடுத்துவிடுவேன். மாத்திரை, மீட்டர், விதைப் பாக்கெட், வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்த எல்லைக் கற்கள் ஏழு.

முதல் போன் அந்த ஊற்றிலேயே விழுந்து செத்தது. நாலு வருஷப் படமும் அதோடு போனது. மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். "கம்பெனிக்காரங்களே எடம் தர்றாங்க அத்தை, படம் தானா அங்க போய்ச் சேந்துக்கும்" என்றாள்.

"அங்கன்னா எங்க?"

"வெளிநாட்டுல எங்கயோ ஒரு கட்டடமுங்க."

"என் கல்லு, என் ஊத்து, என் வீங்குன காலு, அல்லாம் கண்டவன் கட்டடத்துலயா? நம்ம படம் நம்ம ஊட்டுல இருக்கோணும்."

அவள் சிரித்தாள். ஆனாலும் தன் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து, டிஸ்க் வைத்து, சின்னப் பெட்டியாகக் கட்டிக் கொடுத்தாள். நான் வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், போனில் உள்ள படம் ஒயர் இல்லாமலே பெட்டிக்குப் போய்விடும். போய்ச் சேர்ந்த படத்தின் மூலையில் ஒரு டிக் விழும். "டிக் விழுந்ததை மட்டும் போன்ல அழிங்க அத்தை. இல்லாததத் தொடாதீங்க." இதைப் பத்துத் தடவை சொல்லியிருப்பாள். எனக்கென்ன காது கேட்காதா என்று பத்தாவது தடவை கோபித்துக்கொண்டேன்.

கற்களைப் படம் எடுக்கப் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. மேட்டுக் கல்லில் ஆரம்பித்து, ஊற்றுக் கல்லைக் கடைசியாக எடுத்து வீடு வந்தபோது குல்லா சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழைக்காலத்தில் எங்கள் மலையில் சூடாக இருக்கிற எதையும் யாரும் சும்மா விடமாட்டார்கள். அடுப்பு மேடையில் சாக்ஸ் காயும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஸ்வெட்டர் காயும். பெட்டியும் எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். குல்லாவை அதன் மேல் கவிழ்த்தேன். அளவெடுத்துப் பின்னியது போல உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பச்சை விளக்கை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி குல்லா மறைத்திருந்தது.

அப்போது மருமகள் கேத்தியில் அம்மா வீட்டில் இருந்தாள். அவள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். நாற்பது நாள். இடையில் என் போன் நிறைந்துபோய், இனிமேல் படம் எடுக்க மாட்டேன் என்றது. கண்ணாடி கையில் இல்லை. டிக் எப்போதும் விழுகிறதுதானே என்று நிறைய அழித்தேன். அழித்தது ஒரு மாசம் குப்பைக் கூடையில் கிடக்கும் என்று அவள் காட்டியிருந்தாள். குப்பையை வீட்டுக்குள் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதையும் கொட்டினேன். அடுத்த வாரம் மண் சரிந்தது.

நல்லவேளை, மகன் போன் பண்ணிய அன்றைக்குத்தான் மருமகள் திரும்புகிற நாள். மத்தியானம் ஒரு பை கேரட்டோடு வந்து இறங்கினாள். எல்லாவற்றையும் சொன்னேன், குல்லாவைத் தவிர. குல்லா என் ஸ்வெட்டருக்குள் இருந்தது.

அவள் பெட்டியின் பட்டனை அமுக்கினாள். விளக்கு எரிந்தது, கிர்ரென்று ஒரு சத்தம், அணைந்தது. மறுபடியும் அமுக்கினாள். அதே சத்தம்.

"இதுமேல ஏதாச்சும் வெச்சீங்களா அத்தை?"

"நான் எதுக்கு வெக்கறேன்?"

அவள் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே ஒரு குட்டி ஃபேன். அதன் இறக்கையில் சுற்றியிருந்ததை விரல் நகத்தால் பிடித்து இழுத்தாள். சிவப்பு நூல். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதை மேஜை மேல் வைத்தாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குல்லாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"வெச்சேன்."

"பெட்டிக்குக் குளுருமுன்னு குல்லா போட்டு உட்டீங்களாக்கும்."

அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "சூட்டுல தானா நின்னுருக்குது. டிஸ்க்கும் போயிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றாள்.

"உள்ள ஈரமா இருக்குமோ? அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வெச்சா..."

"அத்தை!"

அவள் ஃபேனைத் துடைத்து, தூசி ஊதி, எல்லாவற்றையும் திரும்ப மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஊற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊற்று போனால் தண்ணீருக்கு அந்த ஆளிடம் போய் நிற்க வேண்டும். அதைவிடத் தேயிலையை விற்றுவிடலாம்.

மறுபடியும் அமுக்கினாள். கிர்ர். விளக்கு எரிந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்தோம். அணையவில்லை.

அவள் லேப்டாப்பில் தேடினாள். "அன்னிக்கு எத்தனை எடுத்தீங்க?"

"ஏழு."

"ரெண்டுதானுங்க வந்திருக்குது. அதோட நின்னுருச்சு."

முதலில் எடுத்தது மேட்டுக் கல். இரண்டாவது அதற்குக் கீழே. ஊற்றுக்கல் ஏழாவது. "மேட்டுக் கல்லாத்தான் இருக்கும், மூடி வை" என்றேன்.

அவள் மூடவில்லை. படம் திறந்தது. வெள்ளைக் கல், இந்தப் பக்கம் தண்ணீர், பின்னால் மின்னல் பட்டு உச்சி கருகிய சில்வர் ஓக் மரம்.

"போனு கடைசியா எடுத்ததத்தான் மொதல்ல அனுப்புமுங்க" என்றாள்.

காலையில் சர்வேயர் வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்து, "எந்தக் கல்லோ, எந்தத் தண்ணியோ" என்றார். சர்வேயர் நிமிர்ந்து அந்தக் கருகிய மரத்தைப் பார்த்தார். அது நின்றுகொண்டுதான் இருந்தது. "படத்த வெச்சு எல்லை போட முடியாதும்மா. ஆனா எங்க தேடணும்னு தெரியுது" என்றார். மரத்தை வைத்துக் குறி பார்த்துத் தோண்டச் சொன்னார். இடுப்பளவு மண்ணுக்குக் கீழே கடப்பாரை நங்கென்றது. கல் சாய்ந்து கிடந்தது, சுண்ணாம்பு போகாமல். அவர் தன் வரைபடத்தோடு சங்கிலி பிடித்து அளந்து, ஊற்றுக்கு அந்தப் பக்கமே முளை அடித்தார்.

"இப்பத்தானுங்க அக்கா எனக்கும் ஞாபகம் வருது" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

"கண்ணு திரும்பி வந்துருச்சுங்களா? சந்தோஷமுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, குல்லாவுக்கு இதுதான் இடம் என்றாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"மண்ணு நம்ம ஊட்டுப் பக்கம் சரிஞ்சிருந்தா அத்தை? பெட்டியும் போயிருக்குமுங்க. எல்லாப் படத்தையும் இன்னொரு டிஸ்க்குல போட்டு வேற ஊட்டுல வெக்கோணும். எங்கம்மா ஊட்டுல வெக்கலாமா?"

"சம்பந்தியம்மா என் வீங்குன காலப் பாக்கறதுக்கா?"

"பூட்டித்தானுங்க குடுப்பேன். பாஸ்வேர்டு இல்லாம ஆராலயும் தொறக்க முடியாது. நீங்களே போடுங்க."

முந்தின நாளாக இருந்தால் முடியாது என்றிருப்பேன். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தட்டினேன். இரண்டு தடவை தட்டச் சொன்னது. இரண்டு தடவையும் சரியாக வந்தது. அதை மட்டும் நான் படம் எடுத்து வைக்கவில்லை.

டிஸ்க்கை நானே கொண்டுபோகிறேன் என்றேன். "குல்லாவுல சுத்திக்கலாமா?" என்று கேட்டேன், இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான்.

"ஓடாத டிஸ்க்குதானுங்க. நல்லாச் சுத்திக்குங்க."

குன்னூரில் பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு கேத்திக்குப் போனேன். போய்ச் சேரும்வரை தலைதான் குளிர்ந்தது.