உள்ளே மையில்லாத வட்டம்

நீல மையில் ஒரு வட்டம், உள்ளே ஒன்றுமில்லை. கேரளத்தில், கழக்கூட்டம் பக்கத்து சாப்ட்வேர் ஆபீசில் நான் சாயா கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வேலைபார்த்த சார் ஒருவர் தன் வெள்ளைப் பலகையில் போட்டது. சாருக்கும் என்னைப் போல நாஞ்சில் நாடுதான். ஆரியசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என்னைத் தமிழில் அக்கா என்று கூப்பிட்டு, குடித்து முடிக்கும்வரை நிறுத்திவைத்துப் பேசுவார்.

ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு திரை செய்துகொண்டிருந்தார்கள். நோயாளியின் பேரும் போகவேண்டிய அறையும் அதில் எழுத்தாக வரும். திரை ஒன்றுதான் என்றாலும், ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை விட்டு வாங்கலாம். அதற்காகச் சார் ஒரு மரத்தைத் தலைகீழாக வரைந்திருந்தார். கிளை நுனியில் மை அப்பிய வட்டம் இருந்தால் அது எல்லோருக்கும் கட்டாயம். வெறும் வட்டம் என்றால் அவரவர் விருப்பம். எதை எதோடு சேர்த்தால் இடிக்கும் என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடுமாம். "கணக்கு சரின்னு அது சொல்லும் அக்கா. யாருக்குச் சரின்னு சொல்லாது" என்பார். பேரை உரக்கக் கூப்பிடும் குரல் வெறும் வட்டமாக இருந்தது. அதில் மை அப்பவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எப்படிக் கண்டுபிடித்தாரோ, நான் சொன்னதில்லை. ஒருநாள், "நாளைக்கு மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நான் எவ்வளவு பேசினாலும் எடுபட மாட்டேங்குது" என்றார். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தட்டோடு உள்ளே போனபோது மானேஜர் சிரித்துக்கொண்டிருந்தார். மலையாளத்துக்காரர். "சாரே, நம்ம கேரளத்துல வாசிக்க அறியாத ஆள் எவிட இருக்கு? குரல் வேணும்னு சொல்ற ஆஸ்பத்திரி எடுக்கட்டே."

சார் என் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். "அக்கா, எழுத்து மட்டும் வந்தா உங்களுக்குப் போதுமா?"

வீம்பு முந்திக்கொண்டது. "எனக்கென்ன சாரே, நல்லா வாசிப்பேன்."

"கண்டோ!" என்று மானேஜர் மேசையைத் தட்டினார். மேசையில் அன்றைய பேப்பர் கிடந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டியிருந்தால் சார் ஜெயித்திருப்பார். அவர் பேனாவை மூடி வைத்தார். "சாயா நல்லாருக்கு அக்கா" என்றார். வட்டம் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வெட்கத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தமிழ் எழுத்துப் படித்தேன். இதை எழுதுமளவுக்கு வந்தது. சாரிடம் காட்ட முடியவில்லை. வேறு ஊருக்குப் போனவர் அங்கேயே காலமாகிவிட்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அதே மாதிரி ஒரு திரை, சத்தமில்லாமல். மலையாளமும் இங்கிலீஷும் மாறி மாறி வந்தன. எனக்குப் பின்னால் வந்தவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய் நர்ஸிடம் கேட்டேன்.

"அம்மச்சி, பேரு எப்பவே வந்து போயாச்சு. திரையில நோக்கலையா?"

"எனக்கு அது வாசிக்கத் தெரியாது மோளே." கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.

அந்தப் பெண் எழுந்து நின்று, கடந்துபோன பேர்களை வாயால் கூப்பிட்டாள். அங்கங்கே சும்மா உட்கார்ந்திருந்த மூன்று பேர் எழுந்தார்கள்.

வாசிக்கத் தெரியாது. அன்றைக்குச் சார் கேட்ட ஒரு வார்த்தை அதுதான். நாளைக்கு அந்த நாற்காலியில் வேறு நர்ஸ் இருப்பாள். திரை பேசாது. நீல வட்டத்துக்குள் இன்னும் ஒன்றுமில்லை.