நடுரோட்டில் ஒரு செல்லோ

போன வாரம் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தது. அதனால் எனக்கு ஒரு கச்சேரி கிடைத்தது.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலில் என் கல்லூரித் தோழி ஹேமாவின் மகளுக்குக் கல்யாண ரிசப்ஷன். மதுரையிலிருந்து ரயிலில் பழனி வரை வந்துவிடு, அங்கிருந்து கார் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

"கார்ல உன்கூட இன்னும் ரெண்டு பேர் வருவாங்கடி. அதுல ஒரு பொண்ணு, ரிசப்ஷன்ல வாசிக்கிற க்ரூப்பைச் சேர்ந்தவ. பத்திரமா கூட்டிட்டு வந்துடு."

ரிசப்ஷனில் வாசிக்கிற க்ரூப் என்றதுமே காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். உங்களுக்குத் தெரியாததா? ஒரு கீபோர்டு, ஒரு டிரம் பேடு, ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர்... பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் அவர் "திருமங்கலம்" என்று பதில் சொல்வார்.

ஹேமா சிரித்தாள். "இது அந்த மாதிரி இல்ல. நாலே நாலு பொண்ணுங்க. ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. கிளாசிக்கல்ல ஆரம்பிச்சு அப்படியே சினிமாப் பாட்டுல கொண்டுபோய் விட்டுருவாங்க. 'நாலு கம்பி'ன்னு பேரு. வந்து கேளு."

வியோலா என்றால் வயலினுக்கு அக்கா. கொஞ்சம் பெரிது, கொஞ்சம் கனத்த குரல். செல்லோ அந்தக் குடும்பத்துக்கே பெரியது. தோளில் ஏறாது. தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும்.

அந்த முழங்கால்தான் இந்த வாரப் பிரச்சினை.

பழனி ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. நடு சீட்டில் ஒரு பிரம்மாண்டமான கறுப்புப் பெட்டி சாய்ந்து படுத்திருந்தது. அதை அணைத்துக்கொண்டு நெடுநெடுவென்று ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். அவள்தான் கலைவாணி. 'நாலு கம்பி'யின் செல்லோ.

முன் சீட்டில் பட்டுச்சேலை, நெற்றி நிறைய திருநீறு, முதுகு சாயாமல் ஓர் அம்மா. கலைவாணியின் மாமியார் தனலட்சுமி. அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார்.

அன்று கிருத்திகை. பழனி அடிவாரக் கடைக்காரர்களுக்குக் கிருத்திகை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளில் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு ஓர் அம்மா எழுந்து வருகிறார் என்றால்... விஷயம் சீரியஸ்!

பெட்டியின் கழுத்துப் பக்கம் என் மடியில் வந்து உட்கார்ந்தது. கார் கிளம்பியது. மாமியாரும் மருமகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் என்னிடம் இருவருமே பேசினார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது: ஒருவருக்கு ஒருவர் சொல்ல வேண்டியதைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"பொண்ணு பாக்கையில ஃபிடிலு வாசிக்கும்னாங்க" என்று ஆரம்பித்தார் தனலட்சுமி. "கோயில் கச்சேரியில பாத்திருக்கோம்ல, தோள்ல வச்சு வாசிப்பாங்களே... அதான்னு நெனச்சேன். கல்யாணம் முடிஞ்சு ஒரு நாள் எங்க நாத்தனா கடைக்கு வந்து போனைக் காட்டுறா. என்னான்னு பாத்தா, மேடையில இது உக்காந்திருக்கு. கால அகட்டிக்கிட்டு. நடுவுல அம்மாம்பெரிய வாத்தியம். எனக்கு ஒடம்பே கூசிப்போச்சுங்க. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

கலைவாணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்: "எனக்கு ஊர் மலைமேல பள்ளங்கிங்க மேடம். அப்பாவுக்குப் பூண்டு வெள்ளாமை. கொடைக்கானல்ல ஸ்கூல் படிக்கையில மியூசிக் மிஸ் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாங்க. நான்தான் க்ளாஸ்லயே உயரம். 'நீ செல்லோ'ன்னுட்டாங்க. மத்தவங்களுக்கெல்லாம் வயலின். அன்னிக்கு அழுதேன். இப்ப அதை விடச் சொன்னா அழுகை வருது."

விடச் சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷமாக வீட்டில் இதே பேச்சு. கணவர் நல்லவர், ஆனால் அம்மா பக்கம் திரும்பினால் அம்மாவுக்குத் தலையாட்டுவார், மனைவி பக்கம் திரும்பினால் மனைவிக்கு. இந்த மாதிரி டேபிள் ஃபேன் கணவர்களை நாமும் நிறையப் பார்த்திருக்கிறோம் இல்லையா?

கடைசியில் தனலட்சுமியே ஒரு முடிவுக்கு வந்தார். "நேர்ல ஒரு தடவ வந்து பாக்கேன். பாக்க லட்சணமா இருந்தாச் சரி. இல்லையா, பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுரணும். அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் வருது."

"ஒத்துக்கிட்டுத்தான் வந்தேன்" என்றாள் கலைவாணி. என்னிடம்.

செல்லோ பெட்டியை நான் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏனோ தெரியவில்லை.

சவரிக்காடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கார் நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள். வளைவுக்கு அந்தப் பக்கம் பெரிய மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. மெஷினோடு ஆட்கள் வந்து அறுக்கிறார்கள். எவ்வளவு நேரமாகும்?

"மரம் பெருசா கெடக்குக்கா. வெரசா முடியிற சோலி இல்ல" என்றார் டிரைவர்.

தனலட்சுமியைத் தவிர நாங்கள் இறங்கினோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரட் இறக்கிவிட்டு மன்னவனூர்ப் பக்கம் திரும்பும் லாரிகள், ஒரு பஸ், பைக்கில் வந்த இளைஞர்கள், பழனி முடிந்து கொடைக்கானல் பார்க்கப் போகும் குடும்பங்கள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

கலைவாணியின் போன் அடித்தது. ஜெனிஃபர். 'நாலு கம்பி'யின் முதல் வயலின், குழுவின் தலைவி. அவர் குரல் எனக்கே கேட்டது.

"எங்கடி இருக்க கலை? ஹால்ல ஆள் வர ஆரம்பிச்சாச்சு. நீ இல்லாம என்னத்த வாசிக்கிறது?"

"மரம் விழுந்து கெடக்குக்கா. வந்துருவேன். நீங்க மூணு பேரும் ஆரம்பிங்க. நான் வந்து சேந்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு அவள் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். "குளிர்ல விரல் வெறைச்சுப் போச்சு மேடம். போன உடனே மேடை ஏறணும். இங்கயே கொஞ்சம் வாசிச்சாத்தான் சரியா வரும்."

"இங்கயா? நடு ரோட்டுலயா?" முன் சீட்டிலிருந்து தனலட்சுமி. அன்றைக்கு முதல் தடவையாக மருமகளிடம் நேராகப் பேசினார்.

"விரல் ஓட்டம் மட்டும் பாத்துக்கறேன் அத்தை."

பெட்டி திறந்தது. கேரட் லாரி டிரைவர் ஒருவர், காலி பிளாஸ்டிக் டிரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு "உக்காருங்க தங்கச்சி" என்றார். கலைவாணி சேலை மடிப்பைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். செல்லோவின் அடியிலிருந்த கம்பியை இழுத்துத் தார்ரோட்டில் ஊன்றினாள். முழங்கால்களுக்கு நடுவே அது வந்து நின்றது.

காருக்குள் தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் இழுப்பு. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? செல்லோ காதில் மட்டும் கேட்பதில்லை, நெஞ்செலும்பில் கேட்கிறது. பழைய ஐரோப்பிய இசை ஏதோ ஒன்று. ஒரே ஒரு குரல் படியேறி, இறங்கி, மறுபடி ஏறி... அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது. எனக்கும்தான். ஆனால் பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. டீ கிளாஸோடு நின்றவர் குடிக்க மறந்தார். தூரத்தில் மரம் அறுக்கும் மெஷினும் உறுமிக்கொண்டிருந்தது. அதுவும் கிட்டத்தட்ட அதே சுருதி!

முடிந்ததும் ஒரு பாட்டி பஸ்ஸுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "நல்லாருக்கு கண்ணு. நமக்குத் தெரிஞ்ச பாட்டா ஒண்ணு வாசியேன்."

கலைவாணி சிரித்தாள். வில்லை மடியில் வைத்துவிட்டுக் கம்பிகளை விரலால் சுண்டினாள். செல்லோவின் உடம்பில் உள்ளங்கையால் தட்டினாள். டண்டணக்கா தாளம்! பிறகு வில்லை எடுத்து, அதே தாளத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை வரைந்தாள். விசில் பறந்தது. லாரி டிரைவர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள்.

அப்போதுதான் அது நடந்தது.

ஜெர்கின் போட்ட ஓர் ஆள், முப்பது வயதிருக்கும், பைக்கில் சாய்ந்தபடி போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவரிடம், ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பாட்டெல்லாம் சரிதான். பொம்பள உக்காந்திருக்கற லட்சணத்தப் பாரு!"

ஒரு சிரிப்பு.

வில் பாதியில் நின்றது. கலைவாணியின் முகம் செத்துப்போயிற்று. அவள் ஜெர்கின்காரரைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தாள்.

கார்க் கதவு திறந்தது. தனலட்சுமி இறங்கினார். முடிந்தது கதை, மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றே நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அவர் மருமகளைத் தாண்டிப் போனார். பைக் முன்னால் போய் நின்றார்.

"என்ன தம்பி சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லீங்கம்மா..."

"இல்ல, காதுல விழுந்துச்சு. லட்சணம்னீங்கள்ல? நீங்க இந்தப் பைக்குல எப்பிடி உக்காந்து வந்தீங்க? ரெண்டு காலையும் சேத்து வச்சுக்கிட்டா வந்தீங்க?"

லாரிப் பக்கம் குபீரென்று சிரிப்பு. ஜெர்கின்காரர் நெளிந்தார்.

"வாத்தியத்த எப்பிடிப் புடிக்கணுமோ அப்பிடிப் புடிச்சாத்தான் அது பேசும். புடிச்சிருக்கற ஆள் பாக்கறவங்க முகத்தப் பாக்கறதில்ல, கம்பியத்தான் பாக்குது. நீங்க எங்க பாத்தீங்க? அது என் மருமக. அந்த வீடியோவ அழிங்க."

"அம்மா, சும்மா விளையாட்டுக்கு..."

"என் கண்ணு முன்னாடி அழிங்க."

அழித்தார். போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நிஜமாகவே அழிந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார் தனலட்சுமி. கடைக்காரர் அல்லவா!

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீ எதுக்கு நிறுத்துன? வாசி."

கலைவாணி வாசித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. இடது கை கம்பியில், வலது கை வில்லில். மாமியார் அவளுக்குப் பின்னால் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, மரம் அறுத்து முடிகிறவரை காவல்காரர் மாதிரி நின்றார்.

கார் மறுபடி நகர்ந்தபோது, கலைவாணி என் காதில் கிசுகிசுத்தாள்: "வாத்தியத்த எப்படிப் பிடிக்கணுமோ அப்படிப் பிடிச்சாத்தான் பேசும்னாங்களே... அது நான் ஒரு வருஷமா அவங்ககிட்ட சொல்லிட்டிருந்த டயலாக் மேடம். ஒரு வார்த்தை மாறல!"

காதில் வாங்கவே இல்லை என்று நாம் நினைக்கும் மனிதர்கள் எவ்வளவு பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது ரிசப்ஷன் களைகட்டியிருந்தது. மேடையில் மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூலில் மியூசிக் சொல்லிக்கொடுக்கும் ஜெனிஃபர், கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு வந்த சுபா, பேக்கரியில் கேக் செய்யும் ரோகிணி. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ குறைந்தது... தரை போடாத வீடு மாதிரி.

கலைவாணி சத்தமில்லாமல் போய் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டின் நடுவே, அடியிலிருந்து அந்தக் கனத்த குரல் எழுந்தது. ஜெனிஃபர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்தார், அவ்வளவுதான்.

அப்புறம் அடித்தார்கள் பாருங்கள் ஒரு ரவுண்டு! சுபா மோகனத்தை இழைத்துக்கொண்டே போனார். மற்ற மூவரும் அதை அப்படியே தூக்கி ஒரு துள்ளல் பாட்டுக்குள் போட்டார்கள். கல்யாணப் பெண் மேடையிலிருந்து இறங்கி ஆடினாள். பந்தியிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்களும் உண்டு.

முன் வரிசையில் தனலட்சுமி. ஆடவில்லை, தாளம் போடவில்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார். உடனே இறங்கி வந்துவிடுவாரா என்ன? கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ரோட்டுல அந்தாளு சொன்னப்ப எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. அவன் சொன்னதையேதான் நானும் ஒரு வருசமா வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தேன். அவன் வாயில கேக்கறப்பதான் தெரிஞ்சுது, எம்புட்டு அசிங்கம்னு."

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் ஆயுள் முழுக்கப் பயப்படுகிறோம். அந்த நாலு பேரை நேரில் யாராவது பார்த்திருக்கிறோமா? அன்று நான் பார்த்தேன். நாலு பேர் இல்லை, ஒரே ஒருத்தர். ஒரு கேள்வி கேட்டதும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டார்.

நேற்று கலைவாணி போன் செய்தாள். பெட்டி பரணுக்குப் போகவில்லையாம். கடைக்கு மேலே மாடி அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துத் தினமும் சாதகம். இதற்கு மாமியாரிடமிருந்து ஒரே ஒரு கண்டிஷன்தான். செல்லோவுக்குச் சேலை தோதுப்படவில்லை. நல்ல கொசுவம் வைத்து, அகலமான பாவாடையாகத் தைத்துக்கொள்ள வேண்டும். பழனியில் தனக்குத் தெரிந்த டெய்லரிடம் அவரே துணி எடுத்துக் கொடுத்துவிட்டாராம். கலைவாணிக்கு மட்டுமில்லை, நாலு பேருக்கும், ஒரே கலரில்.

"அதுல ஒரு சின்னப் பிரச்சினை மேடம்" என்றாள் கலைவாணி. "பார்டர்ல பஞ்சாமிர்தக் கடை பேரை எம்ப்ராய்டரி போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க!"