எலிக்கு மருந்து வந்தாச்சு, ஆளுக்கு பூட்ஸ் வரலை

இன்று காலை நாகலூர் டீக்கடையில் எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏனுங்க, காப்பிப் பழம் பறிக்கற பொம்பளைகளுக்கு பூட்ஸ் எப்பங்க வரும்? என்ற மருமவ வெறுங்கால்ல போறா. போன மழையில ரெண்டு பேரப் பாம்பு கடிச்சுப்போட்டுதுங்க."

அவர் போனைத் திறந்து ஒரு செய்தியை வாசித்தார். பல பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

"இனி பூட்ஸ் எதுக்குங்க பெரியவரே? விஞ்ஞானம் எங்கியோ போயிருச்சு!"

எனக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பதிவுகூட போனில் பேசிப் போடுவதுதான். ஆனால் காதில் விழுந்தது மறக்காது. அவர் அவசரமாக வாசித்துத் தாண்டிய கடைசி வரியை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"'இதுவரை எலிகளிடம் மட்டுமே சோதித்துள்ளனர்'னு வாசிச்சீங்களே, என்ற மருமவ எலியாங்க?"

பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆக, எங்கள் எஸ்டேட்டில் எலிகளுக்குக் கவலையில்லை. உங்கள் எஸ்டேட்டில் எப்படி?