வெள்ளத்தில் மூழ்கிய தோசைக்கல்

வெள்ளம் வடிந்து எங்கள் திருவொற்றியூர் வீட்டைத் திறந்தபோது ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் செத்துக் கிடந்தன. சேற்றிலிருந்து இழுத்த இரும்புத் தோசைக்கல்லும் செங்கல் நிறத்தில் துருவேறியிருந்தது. எரிச்சலில் அதை வாசலில் வீசினேன்.

மீன் விற்கும் பக்கத்து வீட்டு செல்வி அக்கா அதைக் கையில் எடுத்தார்.

"இத்தப் போயி கடாசுறியே! எண்ணெ என்னாண்ட கீது, கல்லு உன்னாண்ட கீது. வேற இன்னா வோணும்?"

இருவரும் மணல் போட்டுத் தேய்த்தோம். மாடி வீட்டு அடுப்பில் ஏற்றி, எண்ணெய் தடவித் தடவிப் புகையவிட்டோம். சிவப்பு போய்க் கருப்பு ஏறியது. கோதுமை மாவைக் கரைத்து ஊற்றினோம். முதல் தோசை பிய்ந்தது. அடுத்ததும் ஒட்டியது. அதற்கடுத்தது, தோசைத்திருப்பி படுமுன்பே ஓரம் தூக்கி, வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தது.

அன்று தெருவே அந்தக் கல்லில் சுட்டதைத்தான் சாப்பிட்டது. இப்போதும் அதைக் கழுவினால், ஈரம் துடைத்து எண்ணெய் தடவிவிட்டுத்தான் மறுவேலை. மூழ்கிய வீட்டில் முதலில் எழுந்தது அதுதான்.