காற்றுக்குக் குறுக்கே

ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவவிடாமல், என் வீட்டுக்காரர் ஈரத் துண்டால் என் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டி, பிள்ளைத்தாய்ச்சியான என்னைத் தெருவில் இறக்கிவிட்டார். "மாதா கோயில் மேட்டுக்குப் போ. காத்து கூடவும் போவாத, எதுக்கவும் போவாத. குறுக்கால போ!" என்றார். அப்போது நாங்கள் வடசென்னையில், ரசாயனத் தொழிற்சாலைகள் சூழ்ந்த மணலியில் இல்லை. அயர்லாந்தில், மனிதர்களைவிட மாடுகள் அதிகம் வாழும் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அந்த மதியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். நாங்கள் அந்த ஊரில் இருப்பதா, மூட்டை கட்டுவதா என்று தீர்மானித்தது அந்த ஒரு மதியம்தான்.

நான் ராயபுரத்துக்காரி. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை எனக்கு. அவர் மணலிக்குப் பக்கத்து மாத்தூர். மணலியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். அயர்லாந்தில் பால் பவுடர் செய்கிற ஒரு கம்பெனிக்குப் பாய்லர் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, விளையாட்டாக எழுதிப் போட்டார். வேலை கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று மாத்தூரிலிருந்து ராயபுரம் வரை வண்டியில் பறந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே எங்கள் அம்மா வீட்டு நடுக்கூடத்தில் குதித்தார். "மே, அயர்லாந்து மே! பால் ஃபேக்டரி மே!" முகம் தெரியாமல் எவனோ வீட்டுக்குள் குதிக்கிறான் என்று அம்மா துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். மருமகனுக்கு ஓர் அடி விழுந்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

போய் இறங்கிய நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பஸ் ஒரு வளைவில் திரும்பியதும், பச்சைப் புல்வெளிகளுக்கு நடுவே உயரமாக ஒரு புகைபோக்கி தெரிந்தது. இவர் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "பாரு மே, நம்ம ஊரு!" என்று கத்தினார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, பழக்க தோஷத்தில் மூச்சைக் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தோம். பாயசத்துக்குப் பால் காய்ச்சுகிற வாசனை. ஒரு தொழிற்சாலையிலிருந்து இப்படியும் வாசனை வரும் என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, நடுரோட்டில் நின்று நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டோம். அந்த முதல் வாரங்களில் எதைப் பார்த்தாலும் எங்களுக்கு ஆர்ப்பாட்டம்தான். குழாயில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், வாசலுக்கே வந்து எட்டிப் பார்க்கும் கன்றுக்குட்டி, மதியத்திலேயே மடியும் குளிர்காலப் பொழுது. வேலைக்குப் போன முதல் நாள் வீட்டுக்கு வந்தவர், "பாய்லர் ரூம் தரையில சோத்தக் கொட்டித் துன்னலாம் மே, அவ்ளோ சுத்தமா கீது" என்றார். அதையே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேலை இருந்தது. எனக்குச் சுவர்கள்தான் இருந்தன. ராயபுரத்தில் ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்தால், சாமான் இறங்கி முடிவதற்குள் அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, எதற்காகப் பழைய வீட்டைக் காலி செய்தார்கள் என்பதெல்லாம் தெருவுக்கே தெரிந்துவிடும். இங்கே ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஆனால் ஆட்கள் ஒட்டவில்லை. பார்த்தால் சிரிப்பார்கள், இன்று காற்று அதிகம் என்பார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். நல்லவர்கள்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. மேட்டில் மாதா கோயில் இருந்தது. பூசை அரை மணியில் முடிந்துவிடும். நான் வாயைத் திறந்து பாடியதற்கு முன் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உதட்டை மட்டும் அசைத்தேன். அப்படி ஒரு நாள் எனக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன். "தலைப் பிரசவத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறன்யா. போனா திரும்பி வரமாட்டேன். என் பேரு இன்னான்னு கேக்க ஒரு நாதியில்ல இந்த ஊர்ல." அவர், "நீ இல்லாத ஊர்ல எனக்கு இன்னா வேல? நானும் வந்துடறேன்" என்றார். அதன் பிறகு அவர் பாய்லரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் மனம் மாறவில்லை. அடுத்த வாரம் டிக்கெட் எடுப்பதாகப் பேசி வைத்திருந்தோம். அந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

குளிர்காலம் முடியும் தறுவாய். மதியச் சாப்பாடு முடிகிற நேரத்தில் ஜன்னல் வழியாகச் சுருக்கென்று ஒரு வாடை ஏறியது. கண் எரிந்தது. மாத்தூரில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பாடம் மாதிரி. எந்த வாடைக்கு ஜன்னலைச் சாத்தினால் போதும், எதற்குத் துண்டை நனைக்க வேண்டும், எதற்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவை விட்டே போக வேண்டும் என்று மூக்குக்குத் தெரியும். இவர் பின்வாசலுக்கு ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம் வயலில் ஒரு டேங்கரின் முதுகு தெரிந்தது. அதன் பின்னால் பழுப்பாக என்னவோ பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. "டேங்கர் லீக்கு மே!" என்றார். கொடியில் காயப்போட்டிருந்த போர்வை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். அடுத்த நிமிடம் நான் துண்டும் செருப்புமாகத் தெருவில் நின்றேன்.

மேட்டில் பாதி ஏறித் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வீடு வீடாகக் கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தார். "கேஸ்! கேஸ்! வெளியே வாங்க!" என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினார். கதவுகள் திறந்தன. ஓர் அக்கா ரொட்டி மாவு ஒட்டிய கையோடு வந்தாள். ஒருவர் வெறும் காலுறையோடு வந்தார். எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்து மேட்டுப் பக்கம் தள்ளிவிட்டுவிட்டு, இவர் மட்டும் மறுபடியும் வாடைக்குள்ளேயே ஓடினார். எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனவர், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கமாட்டார். இவர் அவரைத் தேடித்தான் போனார்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாத்தூரில் ஒருநாள் வாடை பொறுக்காமல் தெருவே ஓடியது. எதிர் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தாவை யாரும் நினைக்கவில்லை. வாடை அடங்கித் திரும்பி வந்து பார்த்தபோது அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தெருவில் யாருடனும் பேசவே இல்லையாம். கல்யாணமான புதிதில் இவர் இதை என்னிடம் சொல்லியிருந்தார்.

பெரியவர் நல்ல கனம். அவரை மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு இவர் மேடேறி வந்தார். பெரியவர் உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை, கண்ணில் தண்ணீர் வழிந்தது. "பெருசுக்கு மூச்சு அடைக்குது மே! தண்ணி, தண்ணி!" என்று இவர் அலறினார். யாரோ நீட்டிய பாட்டிலை வாங்கி அப்படியே அவர் முகத்தில் கொட்டினார். அதற்குள் வயலில் டேங்கரை இழுத்துக்கொண்டிருந்த டிராக்டரை அப்படியே போட்டுவிட்டு ஓர் ஆள் தலைதெறிக்க ஓடி வந்தான். முகமூடிக்காரன் ஒருவன் தன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை அவன் வயலிலிருந்து பார்த்திருக்கிறான். அவன் வந்து சேர்ந்ததும், அந்த வாடையும் அவன் பூட்ஸோடு சேர்ந்து வந்தது.

மாட்டுச் சாணம். குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் தேக்கி வைத்த சாணத்தையும் மூத்திரத்தையும் கரைத்து, பருவம் திரும்பியதும் டேங்கரில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்களாம். நாடு முழுக்க இந்தச் சமயத்தில் இதே வாடைதானாம். அந்த மகன் இதைச் சொல்லி முடித்ததும் இவர் மெதுவாக முகத்துத் துண்டை அவிழ்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதே சமயம், மாதக் கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் என் வயிற்றிலிருந்து கிளம்பி ராயபுரம் வரைக்கும் கேட்கிற மாதிரி வெடித்தது. மேடே சிரித்தது. யாரோ தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார்கள். மாவுக் கை அக்கா என் வயிற்றைப் பார்த்து, எத்தனையாவது மாதம் என்றாள். அப்புறம் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். வாய்க்குள் வராமல் மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். அந்தக் குளிரில், அந்த மேட்டில், என் பெயரை ஆளாளுக்குக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்த வாடை உங்களுக்குத் தெரியாதா?" என்று அந்த அக்காவிடம் கேட்டேன். பிறந்ததிலிருந்தே தெரியும் என்றாள். பின்னே ஏன் எல்லோரும் ஓடி வந்தீர்கள்? அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "என் கையைப் பிடித்த உன் புருஷனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எங்களைக் காப்பாற்றத்தானே அந்த மனுஷன் அப்படி நடுங்கினார். அவரிடம் போய், இது சாணம், நீ போ என்று எப்படிச் சொல்வேன்?"

சாயங்காலம் அவர் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். "மானமே போச்சு மே. ஃபேக்டரியில எவன் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது. ரெண்டு டிக்கெட்டா போடு, போயிடலாம்" என்றார். நான் கோட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். "நீ வேணா போய்யா. நான் வரல" என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நாளைக்குப் பூசைக்கு அப்புறம் அந்த அக்கா வூட்டுக்கு டீக்கு வரச் சொல்லிக்கீது. கோட்டைத் திருப்பித் தரணும். பெரியவருக்கு மீன் வறுத்துத் தரேன்னு சொல்லிட்டேன். எனக்கு இங்க தலைக்கு மேல வேல கீது." அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் மகள் இப்போது இந்த ஊர்ப் பள்ளிக்குப் போகிறாள். சாண வாடைக்கு அவள் மூக்கைக்கூடச் சுளிப்பதில்லை. பெரியவரின் மகன் ஒவ்வொரு வருஷமும் டேங்கரைக் கிளப்பும் முன் எங்கள் கதவைத் தட்டி, இன்றைக்கு அடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். முதலில் கேலிக்காகத்தான் செய்தார். இப்போது அது மரியாதையாகவே ஆகிவிட்டது. மாத்தூரில் இருக்கும் என் நாத்தனார் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "இரு அண்ணி, ஜன்னல சாத்திட்டு வரேன்" என்று எழுந்து போகிறாள். அவள் வீட்டுக் கதவை முன்கூட்டித் தட்டிச் சொல்ல யாரும் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, பூசைக்குக் கிளம்பும் முன், அம்மாவுக்குப் போன் போட்டேன். ராயபுரத்தில் அது மீன் குழம்பு கொதிக்கிற நேரம். "மா, பிரசவத்த இங்கயே பாத்துக்கறேன். நான் வரல. நீ வா" என்றேன். அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இன்னாடி ஒளர்ற? அத்துவான ஊர்ல உனுக்கு யாருடி கீறாங்க?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், அவருடைய இடுப்பு, அவருடைய மகன், மகனுடைய மாடுகள், மாவுக் கை அக்கா, அவளுடைய மூன்று பிள்ளைகள், அதில் நடுவில் உள்ளவனுக்கு வந்திருக்கும் இருமல், கோட்டுக்காரர், அவர் பெண்டாட்டிக்கு எந்த மாதிரி மீன் பிடிக்காது, காலுறைக்காரருக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கச்சி. மூச்சு விடாமல், என் பழைய தொண்டையில், ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"போதும்டி, கொழம்பு அடி புடிக்குது" என்றாள் அம்மா. சட்டியில் கரண்டி மோதுகிற சத்தம் கேட்டது. அப்புறம் போன் மறுபடியும் அவள் காதுக்கு வந்தது.

"பாஸ்போர்ட் எடுக்கறதுக்கு இன்னா இன்னா வேணும், கேட்டுச் சொல்லு."