ஜூலிக்கு மாத்திரை கொடுத்தாச்சுங்க

நாய்க்கு மாத்திரை கொடுக்கறதுதாங்க என் பொழப்பு. சிரிக்காதீங்க. பனியன் தைக்கறது, சாயம் போடறது, பெட்டி கட்டறதுன்னு திருப்பூர்ல ஆயிரம் பொழப்பு இருக்கறப்ப எனக்கு இப்படி ஒண்ணு வாய்ச்சுது. பதினோரு வருசம் ஒரு பனியன் கம்பெனியில, தைச்ச பீசைப் பழுது பாத்து அனுப்பற செக்கிங்ல நின்னேன். முட்டி போயிருச்சு. பொறவு பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு நாய் டாக்டர்கிட்ட கம்பவுண்டரா சேர்ந்து மூணு வருசம் ஆச்சு.

டாக்டர் ஊசி போட்டு, சீட்டு எழுதிக் குடுத்துட்டு அடுத்த நாயைப் பாக்கப் போயிருவாரு. அந்த மாத்திரையை வாய்க்குள்ள எறக்கறது நம்ம பாடு. நாய் வெச்சிருக்கறவீங்களுக்கு நான் சொல்லோணுங்கறதே இல்ல. கையில கீறல் இருக்கும், துணியெல்லாம் எச்சில் இருக்கும், மாத்திரை சோபாவுக்கு அடியில இருக்கும். உங்க மாதிரி பங்காளிங்களுக்குத்தான் இதை எழுதறேன்.

சாக்குக்கு அடியில ஏழு

மங்கலத்துல தறி ஓட்டற பெரியவர் ஒருத்தரு. அவரு நாய்க்குச் சொறி. ஏழு நாளைக்கு மாத்திரை. கிரீம் பிஸ்கட்டுக்கு நடுவுல வெச்சுக் குடுங்கன்னு நாந்தான் சொன்னேன். எட்டாம் நாள் கிளினிக்குக்கு வந்து, ஒண்ணுமே கேக்கல, உங்க டாக்டருக்குக் கைராசி இல்லன்னு ஒரே சத்தம். சரின்னு அவரு ஊட்டுக்கே போனேன். நாய் படுக்கற சாக்கைத் தூக்கிப் பாத்தா ஏழு மாத்திரையும் அங்க கெடக்குது. கிரீமை நக்கி, பிஸ்கட்டைத் தின்னுட்டு, மாத்திரையை மட்டும் ஒதுக்கி வெச்சிருக்குது அந்தக் கழுதை.

பெரியவர் மூஞ்சி போன போக்கைப் பாக்கோணுமே! மன்னிப்புக் கேப்பாருன்னு நின்னேன். அவரு ஏழையும் பொறுக்கித் துண்டுல தொடைச்சு எங்கிட்டயே நீட்டுனாரு.

"இன்னும் புதுசாத்தானுங்க இருக்குது, வேற நாய்க்கு ஆகுமுங்களா?"

ஒண்ணுமே திங்காத நாய்

இனி ஜூலிக்கு வர்றேன். பொங்கலூர்ப் பக்கம் ஒரு காம்பவுண்டு. முன்னாடி ஊடு, பின்னாடி பனியன் கம்பெனி. ஜூலி அந்த ஊட்டு லேப்ரடார். நாலு வயசு. அதுக்கு வலிப்பு வந்துச்சு. காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை, ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது, திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் ஓனரை உக்கார வெச்சுச் சொன்னாரு. ஆனா நாய் சோத்தையே தொட மாட்டேங்குது, மாத்திரையை எப்படித் திங்கும்னு ஓனரம்மா அழுதாங்க. அந்த அக்காவுக்கு ஜூலின்னா உசுரு.

நான் ஒரு நாள் காலையில எட்டு மணிக்குப் போய் உக்காந்தேன். சும்மா பாத்துட்டே இருந்தேன். அக்கா நெய் போட்டு ரெண்டு இட்லி ஊட்டுனாங்க. டிரைவர் முட்டை பப்ஸ் குடுத்தாரு. டீ நேரத்துல தையல்காரப் புள்ளைங்க ஆளுக்குப் பாதி பன்னு. கேன்டீன்ல ஒரு பூரி. அயர்ன் பண்றவரு தன்னோட டீயையே தட்டுல ஊத்தி வெச்சாரு. மத்தியானம் அக்கா அன்பாக் கறிச்சோறு பெசைஞ்சு கொண்டாந்தா, ஜூலி மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. வயித்துல எடம் இருந்தாத்தானே திங்கும்? இனிமே யாரும் எதுவும் குடுக்கக் கூடாது, ரெண்டு வேளைதான் சோறு, மாத்திரையும் அப்பத்தான்னு கண்டிசனாச் சொன்னேன். அக்கா என்னை ஈவிரக்கம் இல்லாதவளைப் பாக்கற மாதிரி பாத்தாங்க.

"ஊட்டுக்கு வந்தவீங்களையே சாப்பிடாம அனுப்ப மாட்டோம், வாயில்லாத சீவனைப் பட்டினி போடச் சொல்றியே அம்மிணி?"

புரட்டாசி

ஒருவழியா கோழி ஈரல்ல மாத்திரையைச் சொருகிக் குடுத்துப் பழக்குனோம். லபக்குனு முழுங்கிச்சு. பத்து நாள் நிம்மதி. அப்பறம் புரட்டாசி பொறந்துச்சு. அந்த ஊட்டுல புரட்டாசி பூராம் கறி கெடையாது. எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல. ஈரல் எங்கன்னு கேட்டா, அடுப்படிக்குள்ள எப்படி வேக வெக்கறதுன்னு கேட்டாங்க. வெளிய அடுப்பு வெச்சு வேக வெக்கலாமேன்னேன். கறியே காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாதாம். ஜூலிக்கும் சேத்துத்தான் விரதம்!

தயிர்ச்சோத்துல மாத்திரையைப் பெசைஞ்சு வெச்சாங்க. அது சோத்தைத் தின்னுட்டு மாத்திரையைத் தட்டுலயே விட்டுட்டுப் போயிருச்சு. மூணாம் நாள் போர்ட்டிகோவுல விழுந்து காலை இழுத்துக்கிச்சு. ஓடிப் போய் டாக்டர் ஊசி போட்டுக் காப்பாத்துனாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா அக்கா ஜூலி வாயில வடிஞ்ச நொரையை முந்தானையில தொடைச்சுட்டு இருக்கறாங்க, அவங்களை என்னன்னு வையறது?

அன்னைக்குக் கைகுடுத்தது கேட்டு வாட்ச்மேன்தான். ராம்பிரவேஷ், பீகார்க்காரரு, அம்பது வயசு இருக்கும். தன் ரூம்ல சுட்ட சப்பாத்தியை வெல்லத்தோட பெசைஞ்சு மூணு உருண்டை புடிச்சாரு. ஜூலி ஒண்ணு வாங்கிச்சு, ரெண்டு வாங்கிச்சு, மூணாவதையும் வாங்கிட்டு வாலை ஆட்டுச்சு. மாத்திரை எங்க போச்சுன்னே தெரியல. எப்படிங்கன்னு கேட்டேன்.

"முதல் உருண்டை சும்மா அக்கா, ரெண்டாவதுல மருந்து, மூணாவதைக் கையில காட்டணும். அதைப் பாத்துட்டே ரெண்டாவதை முழுங்கிடும்."

சிஸ்டம்

ரெண்டு மாசம் ராம்பிரவேஷ்தான் குடுத்தாரு. காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. ஜூலிக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரல. சோறும் ஒழுங்காத் தின்னுச்சு, உடம்பு தேறுச்சு. நான் பதினஞ்சு நாளைக்கு ஒருக்காப் போய்ப் பாத்துட்டு, அவரு குடுக்கற டீயைக் குடிச்சுட்டு வருவேன். என் மூணு வருசப் பொழப்புல நான் சந்தோசமா இருந்தது அந்த ரெண்டு மாசந்தான்னு சொன்னா நம்புவீங்களா?

கார்த்திகையில அவரு மகளுக்குக் கல்யாணம். ஒரு மாசம் ஊருக்குப் போகோணும். உருண்டை புடிக்கறதை டிரைவருக்கும் கேன்டீன்காரருக்கும் ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தாரு. அது பத்தாதுன்னு கம்பெனி மேனேஜர் ஒரு சார்ட்டு அடிச்சுக் கதவுல ஒட்டுனாரு. தேதி, காலை, மாலை, குடுத்தவர் கையெழுத்து, சூப்பர்வைசர் கையெழுத்துன்னு கட்டம் கட்டமா. பாக்க அம்சமா இருந்துச்சு. யாரு ஒருத்தர் பொறுப்புன்னு கேட்டேன். மேனேஜர் சிரிச்சாரு.

"சிஸ்டம் போட்டாச்சுங்க சிஸ்டர், இனி ஆளு யாருன்னு பாக்க வேண்டியதே இல்ல."

போட்டோ

ஞாயித்துக்கிழமை ராத்திரி ராம்பிரவேஷ் ரயிலேறுனாரு. செவ்வாக்கெழமை நான் மேனேஜருக்குப் போன் பண்ணி, ஜூலிக்கு மாத்திரை போகுதுங்களான்னு கேட்டேன். கரெக்டாப் போகுதுங்கன்னு சொல்லி, அடுத்த நிமிசமே சார்ட்டைப் போட்டோ புடிச்சு அனுப்புனாரு. ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. பச்சை மையில டிக்கு, பக்கத்துலயே கையெழுத்து. எனக்கு அப்படி ஒரு பெருமை. டாக்டர்கிட்ட போனை நீட்டி, பாருங்க சார், ஜனங்க திருந்திட்டாங்கன்னேன்.

டாக்டர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பாத்தாரு. அதிகம் பேச மாட்டாரு அந்த மனுசன். அப்பவும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. நாளைக்கு நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றேன்னு சொன்னேன். மக்யா நாள் தடுப்பூசி முகாம் வந்துருச்சு, நான் போகல. டாக்டர் கேட்டது இதுதான்.

"டிக்கு நல்லாத்தான் இருக்குது, நாய் எப்படி இருக்குதுன்னு கேட்டியாம்மா?"

வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலையில அக்கா போன் பண்ணுனாங்க. அழுகைதான் கேட்டுச்சு. டாக்டரும் நானும் போறதுக்குள்ள ஜூலிக்கு அஞ்சாறு தடவை விட்டு விட்டு வலிப்பு வந்துருச்சு. டாக்டர் ஊசி மேல ஊசி போட்டாரு. ஒண்ணும் கேக்கல. பத்து மணி இருக்கும், அக்கா மடியிலயே அடங்கிருச்சு. தையல் மெசின் அத்தனையும் நின்னு போய் புள்ளைங்க எல்லாம் வந்து சுத்தி நின்னாங்க. அத்தனை பேரும் அதுக்குப் பன்னு குடுத்தவீங்க.

நான் மாத்திரை அட்டையை எடுத்துப் பாத்தேன். ராம்பிரவேஷ் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பிச்ச எடத்துலயே நிக்குது. அதுக்கு மேல ஒண்ணுகூடக் கொறையல. டிரைவர் கேன்டீன்காரரு குடுத்திருப்பாருன்னு நெனைச்சாராம். கேன்டீன்காரரு, சார்ட்டுல டிக்கு விழுந்திருக்குதே, டிரைவர் குடுத்துட்டாருன்னு நெனைச்சாராம். டிக்கும் கையெழுத்தும் போட்டது ஆபீஸ்ல ஒரு பையன். திங்கக்கிழமை காலையிலயே வாரம் பூராத்துக்கும் போட்டு முடிச்சுட்டான். அவனைச் சொல்லி என்ன பண்றது? சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வர்றப்ப எல்லா ரிஜிஸ்டரையும் அப்படித்தான் ஒரே உக்காருல நெரப்புவாங்க. அவனுக்குத் தெரிஞ்ச வேலையை அவன் ஒழுங்காச் செஞ்சுட்டான்.

எனக்கு எரியறது அது இல்லீங்க. என் போனைத் தொறந்து செவ்வாக்கெழமை வந்த போட்டோவை மறுபடியும் பாத்தேன். புதன், வியாழன், வெள்ளி, ஞாயிறு வரைக்கும் டிக்கு இருக்குது. இன்னும் வராத நாளுக்கெல்லாம் ஜூலிக்கு மாத்திரை கொடுத்தாச்சு! அதைப் பாத்துத்தான் நான் பெருமைப்பட்டேன். பதினோரு வருசம் செக்கிங்ல நின்னவ நான். நானும் அதே மாதிரி பச்சை மையில, பாக்காத பீசுக்கெல்லாம் பாத்தாச்சுன்னு டிக்குப் போட்டுக் குடுத்தவ. ஊர்ல வேற எவளுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். ரெண்டு நாள் கையில இருந்துச்சே, ஒரு எட்டுப் போய்ப் பாத்திருந்தா அந்தச் சீவன் இன்னைக்கும் வாலை ஆட்டிட்டு இருக்குமே!

ஓனர் கதவுகிட்ட நின்னு அந்தச் சார்ட்டையே பாத்துட்டு இருந்தாரு. கண்ணெல்லாம் செவந்து போச்சு. பொய்யா அழுவற மனுசன் இல்ல அவரு. ஒவ்வொரு கட்டமா விரல் வெச்சுப் பாத்துட்டு எம் பக்கம் திரும்பி, நெசமாவே புரியாமத்தான் கேட்டாரு.

"ரெக்கார்டு பூராம் கரெக்டா இருக்குதுங்களே சிஸ்டர், அப்பறம் எப்படிங்க செத்துச்சு?"

நாய்க்கு மாத்திரை கொடுக்கறது கஷ்டம்னு மூணு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், கொடுத்தாச்சுன்னு எழுதறது இத்தனை லேசா இருக்கற ஊர்ல பொறவு எவனுங்க அந்தக் கஷ்டத்தைப் படுவான்?