எங்கள் வீட்டில் பூச்சி என்றால்

தறிக்குழிக்குள் இறங்கியதும் உள்ளங்காலில் ஏறும் ஈர மண்ணின் சில்லிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கால் தானாக மடங்கும். சேவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த தறியின் கீழே இருந்தது அந்தக் குழி. விளக்கு வைத்த பிறகு அதற்குள் காலை விடப் போனால், "பூச்சி கீச்சி இருக்கப் போவுது, பாத்து எறங்கு" என்று அம்மா குரல் கொடுப்பாள். அந்த நேரத்தில் 'பூச்சி' என்றால் பாம்பு. பேரைச் சொன்னால் வந்துவிடுமாம். பேர் சொல்லாத வீட்டுக்கெல்லாம் அது வராமலா இருக்கிறது என்று நான் கேட்டதற்கு ஒரு குட்டுதான் பதிலாகக் கிடைத்தது.

நான் எதையும் லேசில் நம்பாதவள். அதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்பேன். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பெரியவர்கள் எதை எதையோ மறைத்தார்கள். எனக்கு வயிறு வலித்தால், "வயித்துல பூச்சி" என்று வேப்பங்கொழுந்தை அரைத்து வாயில் திணித்தார்கள். பல் வலித்தால் அங்கேயும் பூச்சி. வெயிலில் ஆடிவிட்டு வந்து தலை சுற்றினால், "கண்ணுல பூச்சி பறக்குதா?" என்றார்கள். பக்கத்து வீட்டு நோஞ்சான் பையனுக்குப் பெயரே பூச்சிதான். எங்களுக்குச் சோறு போட்டதும் ஒரு பூச்சி. அதைக் கூட்டோடு வெந்நீரில் போட்டுக் கொன்றுதான் பட்டு எடுக்கிறார்கள் என்பதை மட்டும் வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை, பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து யார் பூச்சி என்றாலும், இவர்கள் இப்போது எதைச் சொல்கிறார்கள் என்று முகத்தைத்தான் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்ததில் இன்னொன்றும் பிடிபட்டது. என் சித்தி, அதாவது சித்தப்பாவின் மனைவி, குடத்தோடு உள்ளே நுழையும்போதெல்லாம், அப்பாவின் அக்காவான என் அத்தை ராட்டையில் இழை சுற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "வந்து இத்தினி வருஷமாச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல" என்பாள். என் வயிற்றில் பூச்சி இருந்தால் மருந்து கொடுத்தவர்கள், சித்தி வயிற்றில் இல்லை என்று குற்றம் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

முகூர்த்தப் புடவைக்குத் தறியில் புதுப் பாவு ஏற்றினால், குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை முதலில் பிள்ளை பெற்ற சுமங்கலிதான் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாதான் ஓட்டுவாள். சித்தி ஓட்டக்கூடாது; கணவரை இழந்து எங்களோடு இருந்த அத்தையும் ஓட்டக்கூடாது. ஒருமுறை அம்மா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, நல்ல நேரம் போய்விடப் போகிறதே என்று அப்பா, "இன்னா பண்றது, நீயே ஓட்டும்மா" என்று சித்தியைக் கூப்பிட்டுவிட்டார். சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு, நாடாவைத் தள்ளினாள். அத்தை சுற்றிக்கொண்டிருந்த ராட்டை அப்படியே நின்றது.

வழக்கமாகத் தறியிலிருந்து அறுத்த புடவை, பட்டும் சரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வீட்டுக்கு அன்றைக்கே போய்விடும். சித்தி தொடங்கிவைத்த அந்த அரக்குப் புடவை மட்டும் போகவில்லை. கல்யாண வீட்டில் ஒரு சாவு விழுந்து முகூர்த்தம் தள்ளிப்போனதால், "உங்க வூட்லயே பத்திரமா இருக்கட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். வெள்ளைத் துணியில் சுற்றிய புடவை மழைக்காலம் முழுக்க எங்கள் பீரோவில் இருந்தது. தை பிறந்து அவர் வாங்கிப் போக வந்தபோது அப்பா அதைப் பிரித்தார். சரிகை திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

அத்தை காத்துக்கொண்டிருந்தவள் போல எழுந்தாள். "நான் சொன்னா யாரு கேக்கறாங்க? புழு பூச்சி இல்லாத கை பட்டா வேற இன்னா ஆவும்? இவள ஜல்தியா செய்யாறுல அவ அம்மா வூட்ல வுட்டுட்டு வாடா" என்றாள் சித்தப்பாவிடம். சித்தப்பா தரையைப் பார்த்தார். அப்பா கறுத்த சரிகையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். சித்தியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

முதலாளி புடவையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து உதறினார். வெள்ளைத் துணுக்குகள் தரையில் உதிர்ந்தன.

"கை பட்டு கறுக்கலம்மா. பூச்சி உருண்டைய சரிகை மேலயே போட்டு வெச்சிகினு இருக்கீங்க. நெய்யத் தெரியுது, வெச்சுக்கத் தெரியலியே."

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் கைக்கு எத்தனையோ பட்டு வந்தது, எதுவும் தங்கியதில்லை. கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பக்குவம் எங்களுக்குத் தெரியாது.

"அதையும் இவதான் போட்டிருப்பா" என்றாள் அத்தை. எல்லாக் கண்களும் மறுபடி சித்தி மேல் திரும்பின. என் அம்மாவின் கண்களும்தான். அதை நான் மறக்கவில்லை.

சித்தி தலை நிமிர்ந்து பேசி அன்றுதான் பார்த்தேன். "எங்கிட்ட பட்டு ஏதுங்க, உருண்டை வாங்கி வெக்கறதுக்கு?"

அவளுக்குக் கல்யாணத்துக்கே செயற்கைப் பட்டுதான். அம்மாவின் கூறைப்புடவை எப்போதோ அடகில் போய்விட்டது. அந்த வீட்டில் சொந்தமாகப் பட்டு வைத்திருந்தவள் அத்தை ஒருத்திதான். இனிமேல் கட்டமுடியாத தன் கல்யாணப் புடவையைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. "பூச்சி அரிச்சிடுமேன்னுதான்..." என்று அத்தை தானாகவே இழுத்தாள். முதலாளி போன பிறகு அவளே பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை மடியில் விரித்தாள். அதன் சரிகையும் கறுத்துப் போயிருந்தது. அவள் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, கோபமும் போகவில்லை.

சித்தியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சில மாதங்களில் சித்தப்பா செய்யாறு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அத்தை இல்லை. தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டு, அதன் மேல் விசைத்தறி ஓடுகிறது. இருட்டினாலும் பிள்ளைகள் பாம்பைப் பாம்பு என்றே சொல்கிறார்கள். 'புழு பூச்சி' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, நாகரிகம் வந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. "விசேஷம் ஏதாவது உண்டாம்மா?" என்று தேனாகக் கேட்கிறார்கள், கேட்கும்போதே கண் வயிற்றுக்கு இறங்குகிறது. போன மாதம் உறவில் ஒரு வளைகாப்பு. வளையல் போட ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவள், என்னைத் தாண்டி அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள். செய்யாறிலிருந்து வந்திருந்த சித்தி எழுந்து வந்து, என்னை ஒட்டி உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மட்டும்தான் இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.